கோணவாய் உளி பிடித்தவள்

பத்தொன்பது வருஷமாக அவள் செய்த வேலையை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: தேய்த்தாள். படிக்கட்டுக் கைப்பிடிக்கும் கட்டிலுக்கும் மரத்தூண் கடைந்து கொடுக்கிற பட்டறை அது. கடைசல்காரர் லேத்தில் கடைந்து முடிக்கிற தூண் ஒவ்வொன்றும் மூலையில் இருந்த தேய்ப்பு மேசைக்கு வரும். அவள் அதை உப்புத்தாளால் தேய்த்து, கன்னத்தில் வைத்தால்கூட உறுத்தாத பதத்துக்குக் கொண்டுவருவாள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் உப்புத்தாள் அக்கா. அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அரிசி மூட்டை என்றும் பூசணிக்காய் என்றும் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிற உலகத்தில் இது கௌரவமான பெயர்தான்.

வேலை கைக்கு, மனசுக்கு எப்போதும் விடுமுறை. தேய்க்கும்போது அவள் அந்தத் தூணோடு புறப்பட்டுப் போய்விடுவாள். இது எந்த வீட்டுக்குப் போகும், அந்த வீட்டில் மாடி எப்படி இருக்கும், எந்தக் குழந்தை இதைப் பிடித்துக்கொண்டு முதல் படி ஏறும், எந்தப் பெண் இதில் சாய்ந்துகொண்டு வாசலைப் பார்த்தபடி நிற்பாள் என்று ஒரு ஊரையே கட்டி முடிப்பாள். மத்தியானம் மூன்று மணிக்கு வெயில் அவள் தோளுக்கு மேலாக வந்து விழும். அதில் மரத்தூள் பொன்னாக மிதக்கும். கீழே இறங்கவும் மனமில்லாமல், மேலே போகவும் மனமில்லாமல் அது நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவ்வளவு அழகான ஒன்று தனக்குள்ளும் போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

இருமல் வந்தது. கஷாயம், மாத்திரை, பக்கத்து வீட்டு வைத்தியம், எதிர் வீட்டு வைத்தியம் எல்லாம் ஆயிற்று. இருமல் மட்டும் வந்த மாமியாரைப் போல உட்கார்ந்துவிட்டது. கடைசியில் மருத்துவமனைக்குப் போனாள். டாக்டரம்மா நெஞ்சுப் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். அங்கங்கே பஞ்சு ஒட்டினது போல வெளுத்திருந்தது.

"தூசியை இன்னையோட விட்டுடுங்க. இப்ப விட்டா இவ்வளவோட நிக்கும். விடலைன்னா, ரெண்டு வருஷத்துல நீங்க உங்க வீட்டு மாடிப்படி ஏற முடியாது."

"முகத்துல துணி கட்டிக்கிட்டா?"

"துணி கட்டிக்கிட்டுத்தானே இவ்வளவு?" என்றார் டாக்டரம்மா. பிறகு உதட்டைக் குவித்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் சாய்க்கிறது போல, மெதுவாக நீளமாக மூச்சை வெளியே விடச் சொல்லிக்கொடுத்தார். தினமும் இருபது தடவை செய்ய வேண்டும்.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அதிகம் பேசாத ஆள். கேட்டதும், "வேலையை விட்டுடு. நான் இருக்கேன்ல" என்றார். நல்ல மனுஷன், நல்ல வார்த்தை. ஆனால் அவளுக்கு அழுகையாக வந்தது. வீட்டில் உட்கார்ந்து அவள் என்ன செய்வாள்? சுவரைத் தேய்ப்பாளா? மர வாசனை இல்லாத ஒரு நாளை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. மூச்சும் வேண்டும், பட்டறையும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் நடக்குமா என்று இரண்டு நாள் படுக்கையில் புரண்டாள்.

மூன்றாம் நாள் பாத்திரம் துலக்கும்போதுதான் அந்தப் பழைய மத்தியானம் நினைவுக்கு வந்தது. என்றைக்கோ லேத்துக்குப் பெல்ட் மாற்ற ஒரு மெக்கானிக் வந்திருந்தார். மாற்றி முடித்ததும் ஓட்டம் சரியா என்று பார்க்க ஒரு துண்டுக் கட்டையைப் பூட்டினார். வாய் சாய்ந்த தட்டை உளி ஒன்று பட்டறையில் கிடந்தது. அதைக் கல்லில் நாலு இழுப்பு இழுத்து, கட்டையின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே ஓட்டமாக ஓட்டினார். பிறகு கட்டையைக் கழற்றி அவள் மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். வழக்கப்படி உப்புத்தாளோடு அதைக் கையில் எடுத்தாள். தேய்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. நனைந்த கூழாங்கல் போல மினுமினுத்தது. அன்றைக்கு அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது, சோப்பு நுரைக் கையோடு அப்படியே நின்றாள். தேய்க்க வேண்டாத கட்டை. தேய்க்க வேண்டாம் என்றால் தூசி ஏது?

அந்த உளி இன்னும் பட்டறையில்தான் இருந்தது. அதன் கதை ஒரு தனிக் கதை. கடைசல்காரர் எப்போதும் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்பவர். ஆகவே அவர் பெயர் விசில். அவர் அந்த உளியை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பிடித்தார். அது மரத்தைக் கவ்வி, கட்டையைப் பிடுங்கி எறிந்து, சன்னல் கண்ணாடியைத் தூளாக்கியது. அதற்குப் பிறகு அதற்குக் கோணவாய் என்று பெயர் வைத்து, வார்னிஷ் டப்பா மூடி நெம்புவதற்கு வைத்துவிட்டார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். விசிலிடம் இதைச் சொன்னால் ஒரு வாரத்துக்குச் சீட்டிச் சத்தமே கேட்காது.

முதலாளி அவள் சொன்னதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். நல்லவர், ஆனால் தும்மினாலும் நாலு பேரைக் கேட்டுத் தும்முகிற ரகம்.

"அக்கா, இந்தப் பட்டறையில தேய்க்காத கட்டை வாசல் தாண்டாது. எங்கப்பா காலத்துச் சட்டம். உங்களுக்குத் தெரியாததா?"

"தேய்ச்ச மாதிரியே இருந்தா?"

"விசிலாலயே முடியலையே."

"விசில் ஒரு தடவைதானே பார்த்துச்சு. நான் தினமும் பார்க்கிறேன்."

சும்மா கிடந்த இரண்டாவது லேத்தைக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் ஒரு மாடி வீட்டுக்குத் தூண் கடைய வேண்டியிருந்தது. அதற்குள் கை வந்தால் லேத்தில் நிற்கலாம். வரவில்லையென்றால் தேய்ப்பு மேசைக்கு வேறு ஆள், அவள் வீட்டுக்கு. அதுவரை தூண்களைத் துணி சுற்றிக் கட்டி அடுக்குகிற வேலை. விசில் தன் தூண்களைத் தானே பின்கட்டுக்கு எடுத்துப்போய், முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முக்கால் மணி. அவள் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிடுவாள். மிச்ச நேரம் கோணவாய்க்கு. எல்லோரும் சாப்பிட வெளியே போயிருப்பார்கள்; அவள் லேத்து பழகுகிறாள் என்பது மட்டும்தான் விசிலுக்குத் தெரியும்.

முதல் நாள், கல்லில் தீட்டி எடுத்த உளியை வைத்த மாத்திரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். கையில் இடி விழுந்தது போல இருந்தது. கட்டையைச் சுற்றித் திருகாணி மாதிரி ஒரு பள்ளம் ஓடியிருந்தது. இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் கட்டை பிடியிலிருந்து விடுபட்டுத் தோளில் அடித்தது; நீலம் பாய்ந்தது. வீட்டுக்காரர் நீலத்தைப் பார்த்துவிட்டு எண்ணெய் தடவினார். "யாரு அடிச்சா?" என்று கேட்டார். "கட்டை" என்றாள். "திருப்பி அடிச்சியா?" என்றார். இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் இருமல் வந்து, அது அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஒன்பதாம் நாள் மின்சாரம் போனது. லேத்து ஓய்ந்து நின்றது. வேறு யாராக இருந்தாலும் அக்கடா என்று கட்டையில் தலை வைத்துத் தூங்கியிருப்பார்கள். அவளோ இடது கையால் கட்டையை மெல்லச் சுற்றிக்கொண்டு, வலது கையால் உளியை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். பட்டறை அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. ரம்பம் இல்லை, மோட்டார் இல்லை, சீட்டி இல்லை. ஓட்டில் ஒரு அணில் ஓடுவது கேட்டது. கட்டை தூக்கத்தில் புரள்வது போலச் சுற்றியது. அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. உளியின் வாய் முதலில் மரத்தைத் தொடக் கூடாது. வாய்க்குப் பின்னால் சரிவாகத் தீட்டியிருக்கிற கன்னம்தான் முதலில் மரத்தில் சாய வேண்டும். சாய்ந்த பிறகு பிடியைக் கொஞ்சம் தூக்கினால் வாய் தானாக வந்து சேரும். அதிலும் வாயின் நடுவும் கீழும் தொடலாம். மேல் மூக்கு மட்டும் தொடவே கூடாது. இத்தனை நாள் கவ்வியது அந்த மூக்குதான்.

கன்னத்தைச் சாய்த்தாள், பிடியைத் தூக்கினாள், கட்டையைச் சுற்றினாள். விரல் நீளத்துக்கு ஒரு சுருள் எழுந்து, புறங்கையில் வந்து படுத்தது. தூள் இல்லை, சுருள்! ஊதினால் பறக்கிற மாதிரி அவ்வளவு மெல்லிசு. அவளுக்கு யாரையாவது கூப்பிட வேண்டும் போல இருந்தது. கூப்பிட ஒருவரும் இல்லை. அணிலிடம்தான் சொன்னாள்.

அத்தோடு வித்தை வந்துவிட்டது என்று நினைத்தால் அது உங்கள் அவசரம். மின்சாரம் வந்ததும் கவ்வலும் வந்தது. காரணம் அவள் கை. பத்தொன்பது வருஷம் அமுக்கி அமுக்கித் தேய்த்த கை. தேய்ப்புக்கு அமுக்கம்தான் உயிர். கோணவாய்க்கு அமுக்கினாலே ஆகாது. சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டை விரல் தன்பாட்டுக்கு அமுக்கும், உடனே டக்! புதிதாய்ப் பிடிக்கிறவர்களுக்குக் கை வராத குறை ஒன்றுதான். இவளுக்கோ வந்து குடியேறின கையைக் காலி பண்ண வைக்கிற வேலை. இன்னொரு கூத்தும் நடந்தது. ஒருநாள் அபூர்வமாக ஒரு ஓட்டம் நன்றாக விழுந்து, கட்டை பளபளவென்று வந்தது. அவள் சந்தோஷத்தில் முந்தானையில் செருகியிருந்த உப்புத்தாளை எடுத்து ஒரு தேய் தேய்த்துவிட்டாள்! பளபளப்பு மங்கி, பழைய கட்டையாகிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து முந்தானையில் உப்புத்தாள் கிடையாது.

வழி காட்டியது நெஞ்சுதான். ஒருநாள் கட்டை சுற்றிக்கொண்டிருக்கும்போதே இருமல் கிளம்பப் பார்த்தது. உளியை எடுக்காமல், டாக்டரம்மா சொன்னபடி உதட்டைக் குவித்து மூச்சை நீளமாக விட்டாள். மூச்சு வெளியே போகும்போது தோள் தளர்ந்தது, முழங்கை தளர்ந்தது, கட்டை விரலும் தளர்ந்தது. உளி தானாக நகர்ந்தது. கையை அவள் நகர்த்தவில்லை. இடுப்பு மெல்லச் சாய, உடம்பே அந்தப் பக்கம் போயிற்று. மூச்சு முடிந்த இடத்தில் ஓட்டமும் முடிந்தது. கட்டையில் அந்த நீளம் மட்டும் நனைந்தது போல மினுங்கியது.

அதற்குப் பிறகு தினமும் ஒரு கட்டை, இருபது மூச்சு. ஒரு மூச்சுக்கு ஒரு ஓட்டம். மருந்தும் பயிற்சியும் ஒன்றாயிற்று. சில நாள் இருபதில் மூன்று விழும், சில நாள் பன்னிரண்டு விழும், சில நாள் ஒன்றும் விழாது. விழாத நாளிலும் இருபதையும் முடித்துவிட்டுத்தான் கை கழுவுவாள். நேரான ஓட்டம் பழகிய பிறகு வளைவு பழகினாள். உருண்டை மணி ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்படியே வரிசையாக. உளியை உள்ளங்கைக்குள் சாவி திருப்புகிற மாதிரி உருட்ட வேண்டும். சுருள்கள் காலடியில் சேரும். முட்டிவரை இலைச்சருகில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டு, எந்த ஊரில் எந்த மரமாக இது நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டே உருட்டுவாள். மோட்டார்ச் சத்தம் தூரத்து மழைச் சத்தமாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தாள். கனவில் ஒரு நதி. கிட்டே போய்ப் பார்த்தால் நதி முழுக்க மரம். மெல்லச் சுற்றிக்கொண்டே ஓடுகிறது. அவள் கரையில் உட்கார்ந்து உளியின் கன்னத்தை அதன் மேல் சாய்க்கிறாள். தண்ணீர்ச் சுருள் எழுந்து எழுந்து போகிறது. அவ்வளவு சுகம்!

"ஏய்... ஏய்! என் கையை என்ன கட்டைன்னு நினைச்சியா?"

விழித்தால், வீட்டுக்காரரின் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்து உருட்டிக்கொண்டிருக்கிறாள்.

"கொஞ்சம் அசையாம இருங்க, இன்னும் ஒரு மணிதான் பாக்கி" என்று தூக்கக் கலக்கத்திலேயே சொன்னாள். அவர் பாவம், கொஞ்ச நேரம் அசையாமலே கிடந்தார்.

இரண்டு மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது மாதிரிக்கு மூன்று தூண் கடைந்தாள். நடுவில் பானை வயிறு, மேலும் கீழும் இரண்டிரண்டு மணி. மூன்றும் உப்புத்தாளை அறியாதவை. தடவிப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். மறுநாள் காலையில் முதலாளி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அதே காலையில் அவளுக்கு மருத்துவமனைக்கும் போக வேண்டியிருந்தது. அதனால் முந்தின சாயங்காலமே மூன்றையும் விசிலின் லேத்துப் பக்கம் நிறுத்திவிட்டுப் போனாள். மறுநாள் டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "பரவாயில்லையே. கூடலை" என்றார். குதிக்காத குறையாகப் பட்டறைக்கு வந்தாள்.

முதலாளி தூணைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் சங்கடம்.

"வடிவம் நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா இதுவும் தேய்ச்சதுதானே?"

அவள் வாங்கிப் பார்த்தாள். மங்கல். நுண்ணிய கீறல். மூன்றும் தேய்க்கப்பட்டிருந்தன.

விசில் பின்னாலிருந்து பெருமையாக வந்தார். "நான்தான் அக்கா. தேய்க்காமயே வச்சுட்டுப் போயிட்டீங்க. உங்களுக்குத் தூசி ஆகாதேன்னு நானே காலையில சீக்கிரம் வந்து, மூணையும் நல்லா..."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். வரவில்லை. அந்த ஆளின் முகத்தில் அவ்வளவு பாசம். பத்தொன்பது வருஷம் அவர் கடைந்ததை இவள் தேய்த்தாள். ஒருநாளாவது இவள் கடைந்ததை அவர் தேய்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அந்தப் பட்டறையில் பாசத்தை வேறு எப்படித்தான் காட்டுவது? ஆனால் அவளுடைய இரண்டு மாதம் அந்தப் பாசத்தில் தூளாகிப் போயிருந்தது.

"தம்பி, ஒரு கட்டை எடுத்து என் லேத்துல பூட்டு" என்று விசிலிடம் சொன்னாள்.

அவள் இதுவரை ஆள் பார்க்கக் கடைந்ததில்லை. இப்போது முதலாளி ஒரு பக்கம், விசில் ஒரு பக்கம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டையை வேறு உளியால் மேலோட்டமாக உருண்டையாக்கி முடித்து, கோணவாயை எடுத்தாள். கன்னத்தைச் சாய்த்தாள். கட்டை விரல் அமுக்கியது.

டக்!

திருகாணிப் பள்ளம். விசில் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி, "பரவாயில்லை அக்கா, விடுங்க..." என்று ஆரம்பித்தார்.

"இருங்க" என்றாள். அவளுக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் இல்லை, அந்தக் கட்டை விரல் மேல். அதை ஒரு தடவை உதறினாள். பதறாத காரியம் சிதறாது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அந்தப் பள்ளம் மறைகிற அளவுக்கு மறுபடி உருண்டையாக்கினாள். பிறகு உதட்டைக் குவித்து மூச்சை விட ஆரம்பித்தாள். இரண்டு பேரும் பட்டறையும் கரைந்து எங்கோ போனார்கள். மூச்சும் மரமும் மட்டும் இருந்தன. சுருள் எழுந்தது; அறாமல் எழுந்துகொண்டே இருந்தது. அவள் தோளைத் தொட்டு, முதலாளியின் சட்டையில் போய் ஒட்டியது. ஒரு ஓட்டம், இன்னொரு ஓட்டம். பானை வயிறு, மணி, மணி. பத்து நிமிஷமோ ஒரு யுகமோ, லேத்தை நிறுத்தினாள்.

கட்டை சுற்றி ஓய்ந்தது. முதலாளி குனிந்து தடவினார். இன்னொரு தடவை தடவினார். விசில் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா" என்றார். பிறகு மேசையில் இருந்த மூன்றையும் திரும்பிப் பார்த்தார். தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. "ஐயோ அக்கா" என்றார்.

"இது வாசல் தாண்டலாம்" என்றார் முதலாளி. "நாளையிலருந்து இந்த லேத்து உங்களுக்கு. அந்த மூலைக்கு நான் வேற ஒரு பொம்பளையைப் பார்த்துக்கிறேன். விசில் கடையறதுக்குத் தேய்க்க ஆள் வேணும்ல."

அவள் உளியைக் கீழே வைத்தாள். கேட்ட இரண்டும் கிடைத்துவிட்டன, மூச்சும் பட்டறையும். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வாய் மூடவில்லை.

"எந்தப் பொம்பளை?"

"யாராவது. இன்னும் பார்க்கலை."

"அவளுக்கு நெஞ்சு இருக்காதா?"

அவள் விசிலைக் காட்டினாள்.

"தம்பி உருவத்தைக் கடைஞ்சு என்கிட்ட அனுப்பட்டும். கடைசி ஓட்டம் நான் ஓட்டித் தரேன், எல்லாக் கட்டைக்கும். அந்த வேலையே இந்தப் பட்டறையில வேண்டாம். ஆள் வச்சீங்கன்னா நான் நாளைக்கு வரமாட்டேன்."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். முதலாளி தலையைச் சொறிந்தார். கேட்பதற்கு நாலு பேரைத் தேடினார். விசில்தான் இருந்தார். விசில் ஏற்கெனவே மூலைக்குப் போய் மேசையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பக்கம் பிடிங்க மொதலாளி. கனக்குது."

இருவருமாக மேசையைத் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதன் முன் விளிம்புக்குக் கீழே, சுண்ணாம்புத் தரையில் இரண்டு பள்ளம் இருந்தது. அரை விரல் ஆழம், வழவழவென்று, ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி. எலி தோண்டியதோ என்று முதலில் நினைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை அதில் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. பத்தொன்பது வருஷம் அவள் நின்ற இடம். உப்புத்தாள் மரத்தைத் தேய்த்தது போலவே அவளும் தரையைத் தேய்த்திருக்கிறாள். தரை அவளை எவ்வளவு தேய்த்ததோ. இன்னொருத்தியின் கால் இதில் வந்து பொருந்தியிருக்கும் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அடக்காமல் அழுதாள்.

மேசையை இறக்கிவிட்டு வந்த விசில், குனிந்து பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "சிமெண்ட் இருக்கு அக்கா, பூசிடட்டுமா?" என்று கேட்டார்.

"பூசிடு" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பள்ளத்திலிருந்து காலை எடுத்தாள்.